பட்டவரே சொல்ல வேண்டும்

அன்புள்ள அப்பாவுக்கு, சாயோ வணங்கி எழுதுவது. அகிதாவில் பனி தொடங்கிவிட்டதா? முழங்கால் வலி தேவலையா?

சிபாவில் போலிச் சண்டை ஆட்டம் நடக்கும் திடலில் நான் பழுதுபார்க்கும் விளையாட்டுத் துப்பாக்கிகளை ஆட்டக்காரர்கள் படுத்தும் பாட்டைக் கண்டால் மலைத்துப்போவீர்கள். ஞாயிறன்று பல் மருத்துவர் ஓகிதா தன் புதுத் துப்பாக்கியை ஊன்றிச் சரிவில் இறங்கி, அதன் மேலேயே விழுந்தார்.

"உடைஞ்சா என்ன, சாயோ இருக்காளே!" என்று சிரித்தார்.

அடுத்த நொடி கையைத் தூக்கி, "பட்டுடுச்சு!" என்று கத்திவிட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறினார். இங்கே நடுவர் கிடையாது. பட்டவரே சொல்ல வேண்டும். சுட்டவருக்குக்கூடச் சின்ன பிளாஸ்டிக் குண்டு பட்டது தெரியாது.

"சொல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமேம்மா."

அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது.

துப்பாக்கிகளில் ஒட்டும் சேற்றைத் தேய்த்தெடுக்க, வீட்டிலுள்ள பழைய பல் துலக்கும் பிரஷ்களை அனுப்புங்கள். கடையில் கிடைக்கும்தான், ஆனாலும் அனுப்புங்கள்.

திடலுக்குப் போகும் வேன் வந்துவிட்டது. இங்கே தனிமையே தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நானும் கையைத் தூக்கிவிடுகிறேன், அப்பா.

சாயோ