ஓரத்தில் வந்த விமானம்

2003 ஜூன் 11, புதன்

இன்றும் தண்ணி லாரி வரவில்லை. குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்ததில் வேலைக்கு லேட். சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தினான். இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஜார்ஜ் போர்முனையில் இருக்கிறார். காலையில் விட்டுப்போன அதே நாற்காலி, அதே லுங்கி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். மே மாதம் கொக்கியில் தொங்கிய மூட்டைக் கட்டு ஆடிப்போய், கீழே ஓரமாக நின்று கை காட்டிக்கொண்டிருந்த தவசிமுத்துவின் தோளில் இடித்துவிட்டது. அவன் பிழைத்தது ஆண்டவர் கிருபை. இவர் கண்ணில்தான் ஏதோ கோளாறு, டாக்டர் பார்த்து பாஸ் செய்தால்தான் மறுபடி கிரேனில் ஏற்றுவோம் என்று கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி டாக்டர் ஜூலையில்தான் பார்ப்பாராம்.

தோஸ்து சும்மா உட்கார்ந்து பைத்தியமாகிவிடக் கூடாது என்று பர்மா பஜார் காஜா மொய்தீன், கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இருப்பது ஒரே ஒரு விளையாட்டு. அந்தக் கால உலகப்போர் விமானச் சண்டை. படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

"சண்டை முடிஞ்சி எங்க தாத்தாவே செத்துட்டாரு. நீ இன்னும் யாரய்யா சுட்டுக்கினு கீற?" என்றேன்.

"கண்ணு நல்லா கீதான்னு பாத்துக்கினு கீறேன்."

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஜூன் 14, சனி

மண்ணெண்ணெய் இல்லை. இவர் இன்று முழுக்க விளையாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று பின்னால் நின்று பார்த்தேன். மேகத்துக்குப் பின்னாலிருந்து எதிரி வருவதற்கு முன்பே விமானத்தைத் திருப்பிவிடுகிறார். எனக்கே தெரியாத பொட்டுப் புள்ளியைச் சுட்டுத் தள்ளுகிறார். காஜா பாயும் பார்த்துவிட்டு, "இவனுக்கா கண்ணு கோளாறு? கழுகு மாமு இவன்!" என்றார்.

ரொம்ப நாள் கழித்து இவர் சிரித்தார். கண் சரியாகிக்கொண்டு வருகிறதோ? ஓய்வு இல்லாமல்தான் கெட்டுப்போயிருந்ததோ? நினைக்கவே பயமாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விளையாட்டில் இருக்கிற சண்டை அத்தனையையும் ஜெயித்துவிட்டார். பூசை முடிந்ததும் மாதா காலடியில் வெள்ளிக் கண் காணிக்கை வைத்தேன். நோய் தீர்ந்த பிறகு வைப்பதுதான் எங்கள் வழக்கம். தீர்ந்துவிட்டது என்று நம்பியே வைத்தேன். வரும் வழியில் இவருக்குப் பிடித்த நெத்திலி வாங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

தொழுகை முடிந்து காஜா பாய் நேராக இங்கே வந்தார். கையில் புதுசாக ஒரு சி.டி. "எக்ஸ்பேன்ஷன் பேக்கு. சிங்கப்பூர்லேந்து வந்திச்சு. பழைய கேமு மேலயே ஏத்திக்கணும். பிளேனு அதேதான், சண்டை மட்டும் அத்தினியும் புச்சு."

இவர் முகத்தைப் பார்க்கணுமே, பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி.

ஜூன் 28, சனி

காலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறார். ஏறுகிறார், எவனோ சுடுகிறான், கடலில் விழுகிறார். மறுபடி ஏறுகிறார். "எங்கேந்துடா வர்றானுங்க?" என்று கீபோர்டைக் குத்துகிறார். புது விளையாட்டு, பழகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் இடது ஓரத்தில் எதிரி விமானம், புளியங்கொட்டை அளவுக்கு நன்றாகவே தெரிகிறது. "தோ வருது பாரு" என்றேன். "எங்க?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். "எங்கடீ?" என்கிறார் — என் விரலே அவருக்குத் தெரியவில்லை! தலையைத் திருப்பின பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இவர் விமானம் தீப்பிடித்துவிட்டது.

அப்படியென்றால் பழைய சண்டையில் ஜெயித்தது?

"அதுல எவன் எங்கேந்து வருவான்னு மனப்பாடம், டெபோரா. நான் பாத்து சுடல."

"எப்பத்துலேந்து இப்டி கீது?"

"தெர்ல. குழா வழியா பாக்கற மாதிரி கீது. நேரா கீறது சுத்தமா தெரியுது. சைடுல ஒண்ணுமே இல்ல."

ஐயோ மாதாவே. இன்னாத்துக்கு நான் அவ்ளோ சந்தோசப்பட்டேன்? ஒரு பொம்மை விளையாட்டை நம்பிக் கோயில்ல போய்க் கண்ணு வெச்சேனே, அறிவு வேணாமா எனக்கு?

ஜூலை 3, வியாழன்

பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டதாம். போன பார்வை வராது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. எவ்வளவு நாள் காப்பாற்றும் என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றாள் அந்த டாக்டரம்மா. நல்லவள். என்னைப் பார்த்துச் சொல்லாமல் மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 7, திங்கள்

பாஸ்.

நேர் எதிரே மாட்டின எழுத்துப் பலகை. கடைசி வரிவரை இவர் கண்ணால் பார்த்தேதான் படித்தார், பொய்யில்லை. ஓரம் தெரிகிறதா என்று கம்பெனி டாக்டர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் வேலையில் சேரணும்.

ஜூலை 9, புதன்

தெருவே விசாரிக்கிறது. சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை.

"போவாத" என்றேன்.

"போவாம? உன் எறால்ல ரெண்டு பேரும் துன்னுக்கினு குந்தலாமா? அந்த கிரேன் எனக்கு மனப்பாடம்டீ."

"கிரேன் மனப்பாடம். கப்பலு? தெனம் தெனம் புச்சாத்தானே வருது?"

வேலைச் சட்டையை எடுத்து உதறினார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் போவார் என்று எனக்கும் புரிந்தது.

சாயங்காலம் தவசிமுத்து வந்தான். அவன் பிள்ளைகுட்டிக்காரன். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கத்துவான், யூனியனில் சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லட்டும், அதற்குத்தானே சொன்னேன். அவன் இடிபட்ட தோளைத் தடவிக்கொண்டான்.

"வெளிய யாருக்கும் சொல்லாத யக்கா. சோத்துல மண்ணு வியுந்துடும். நான் பாத்துக்கறேன்" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "மாமு, நீ ஏறு. உனக்குத் தெரியற எடத்துல நான் நிக்கறேன்" என்றான்.

எந்த இடம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நட்பு பெரிதுதான். தோளில் இடித்தது தலையில் இடித்தால்?

ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போனேன். இறால் உரித்தேனா, விரலை உரித்தேனா தெரியாது. துறைமுகத்துப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையை நிறுத்திக் காது கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் எனக்கு முன்பே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏறி குந்துனேன். கீழ பாத்தேன். தவசிமுத்து அவ்ளோ சுத்தமா தெரிஞ்சான், டெபோரா. மூஞ்சி, மீசை, கை, எல்லாம்."

"அப்புறம் இன்னா?"

"கொக்கிக்கு நேரா கீழ நின்னுக்கினு கீறான்."

தொங்குகிற சுமைக்குக் கீழே எவனும் நிற்க மாட்டான். கை காட்டுகிறவன் ஓரமாக நிற்பதுதான் வேலையின் முதல் பாடம். ஓரத்தில் நின்றால் இவருக்குத் தெரியாதே என்று அங்கே போய் நின்றிருக்கிறான்.

"'தூக்கு மாமு'ன்னு கை காட்றான். சிரிக்கிறான் வேற."

"தூக்குனியா?"

"எறங்கிட்டேன். ஆபீஸ்ல போயி எல்லாத்தியும் சொல்லிட்டேன். நாளையிலேந்து வர வேணாம்ட்டாங்க."

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சோறு போட்டேன். வெறும் சோற்றையும் குழம்பையும் பிசைந்து தின்றுகொண்டே இருந்தார். மீனைத் தொடவே இல்லை. பிடிக்கவில்லையோ என்று கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தேன், மீனைத் தட்டின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். எடுத்து நடுவில் வைத்தேன். சாப்பிட்டார்.