கொடி சுற்றிப் பிறந்தவன்

ஸ்ரீவராகம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் ஸ்ரீஜித்துக்கு அப்பா எழுதுவது. கைக்கட்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நீ அங்கே தேறி வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீதுவும் பிள்ளைகளும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போகலாம்தான், ஆனால் மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ இரண்டு கேள்வி கேட்பதற்குள் அம்மா என் கையிலிருந்து வாங்கிவிடுவாள், அதனால் எழுதுகிறேன். முடித்ததும் நானே படம் பிடித்து அனுப்புகிறேன், என் எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி, கண்ணாடி வாங்கு என்று எனக்கு உபதேசம் பண்ணாதே.

உன் தங்கைக்கு மகன் பிறந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது, நீ இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் நெட் சரியில்லை, பிள்ளை தூங்குகிறான், நீது குளிக்கிறாள் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய். அவளுக்குப் பொய் சொல்லவும் வராது, சொல்லத் தொடங்கினால் நிறுத்தவும் வராது. கடைசியில் பிள்ளையின் காலை மட்டும் படம் எடுத்து அனுப்பினாள், மருமகனுக்குக் கால் மட்டும்தான் இருக்கிறதா என்று நீ கேட்டிருந்தாய். நீ விளையாட்டாகக் கேட்டாலும் உள்ளுக்குள் வருத்தம் என்று எனக்குத் தெரிந்தது. விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்த நர்ஸ், கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது, இப்போ குழப்பம் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் முகம் அப்போதே வெளிறிவிட்டது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது, மாமன் முதலில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்க்க வேண்டும் என்று நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீயோ கனடாவில், ஹாலிஃபாக்ஸில் இருக்கிறாய், ஓணத்துக்குத்தான் லீவு. அதுவரை போட்டோவும் வேண்டாம் வீடியோவும் வேண்டாம் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். நானும் சரி, பெற்றவளின் பயம், போகப்போகச் சரியாகும் என்று கடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரமே நீ பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு கட்டுப்போட்ட கையைப் படம் எடுத்து அனுப்பினாய். அதைப் பார்த்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்து, பெறந்த உடனே தொடங்கிட்டானே என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதற்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் உள் அறையில் கிடந்த நீதுவின் காதில் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவள் பழைய நீதுவாக இல்லை. மூத்தவள் லிபி பிறந்தபோது உனக்கு ஞாபகம் இருக்கும், நாள் முழுக்கக் கொஞ்சிக் கொஞ்சி நம் காதை அடைக்க வைத்தவள். இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், முடிந்ததும் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். மாப்பிள்ளை சாம்பசிவன் சனிக்கிழமைதோறும் கொச்சியிலிருந்து வருவார், அவர் கேட்டாலும் உடம்பு அசதி என்று சொல்லிவிடுவாள். இரண்டாவது பிரசவம்தானே, அவளுக்குத் தெரியாததா என்று நாங்களும் இருந்துவிட்டோம். மூலிகை வெந்நீரில் வேதுக்குளியல், லேகியம், பூண்டுக்குழம்பு என்று உடம்புக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்கு நடந்தது, அவளிடம் என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை.

போன திங்கட்கிழமை லிபி தொட்டில் பக்கத்தில் நின்று தம்பியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சுகிறாளாக்கும் என்று கிட்டே போனேன். தம்பி வாவே, எங்க மாமாவ உபத்திரவிக்காதே கேட்டியா, மாமா பாவமாக்கும் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாலு வயசுப் பிள்ளைக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது, நாங்கள் பேசினதுதானே. கட்டிலில் இருந்த நீது அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது, இவனப் பாக்கும்போல்லாம் அண்ணன்தான் ஓர்மை வருது அப்பா, இவனக் கொஞ்சினா அண்ணனுக்குத் துரோகம் செய்யது மாதிரி இருக்கு என்றாள். மறுநாளே அவளையும் அம்மாவையும் பிரசவம் பார்த்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை பெற்றவர்களுக்கு வரக்கூடிய மனச்சோர்வுதான், தனியாக விடாதீர்கள், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் குணமாகும், வருகிற வாரம் மறுபடி வாருங்கள் என்றார். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றுவது எத்தனையோ பிரசவத்தில் பார்ப்பதுதான் என்று அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே நீதுவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நீயும் கொடி சுற்றித்தான் பிறந்தாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போவாரே உன் பிச்சையா மாமா, அவர் மஞ்சள்காமாலையில் போனது உனக்கு எட்டு வயதில். கண்ட பச்சிலையையும் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதால் போனார், ஆனால் துட்டிக்கு வந்தவர்களில் சிலர் உன்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள், அம்மா அவர்களை வாசலைக் காட்டி அனுப்பினாள். அதை இத்தனை வருஷம் உன் காதில் விழவிடவில்லை. எங்க அண்ணன் போன அன்னைக்கும் உங்க அண்ணனுக்கு நாந்தான் சோறு ஊட்டினேன், அவன் மூஞ்சியப் பாத்துத்தான் அழுகைய நிறுத்தினேன் என்று நீதுவிடம் சொன்னாள். பின்ன எதுக்கும்மா எம்பிள்ளைய மறைச்சே என்று நீது கேட்டாள். பயந்துட்டேன் மக்கா, இன்னொருக்கத் தாங்கமாட்டேன்னு பயந்துட்டேன் என்று அம்மா அழுதாள். அன்றைக்கு நீது தானாகவே கைநீட்டிப் பிள்ளையை வாங்கினாள், அவ்வளவுதான் நடந்தது, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் பாதி நாள் சுவரைத்தான் பார்க்கிறாள். நாங்கள் எவ்வளவு சொன்னாலும், அண்ணன் மனசுல என்ன இருக்கோ என்கிறாள். அவளாக உன்னைக் கூப்பிடமாட்டாள்.

வருகிற புதன்கிழமை பிள்ளைக்கு இருபத்தெட்டுக் கெட்டு, இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிறோம். பெரிய கூட்டம் ஒன்றும் கூட்டவில்லை, கோயில் பொங்காலைக்குத் தெருவெல்லாம் அடுப்புக்குச் செங்கல் அடுக்கிவிட்டார்கள், வண்டி வரவும் வழியில்லை. நீ காலையில் வீடியோவில் வா. உனக்கு அது செவ்வாய் ராத்திரி, தூங்குகிற நேரம், ஒருநாள் விழித்திரு. அம்மா எண்ணெய்க் கிண்ணம் எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை, அதனால் அவளைக் கோபித்து ஒரு வார்த்தையும் பேசாதே. நேராகப் பிள்ளையைப் பார், வாய் நிறைய மருமகனே என்று கூப்பிடு, நீதுவின் காதில் விழ வேண்டும். நீ பிறந்த அன்றும் இப்படித்தான் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். பிச்சையா வந்தார், கிண்ணத்தைத் தள்ளி வைத்தார், எம் மருமகன ஒளிச்சுப் பாக்கதுக்கு நான் என்ன கள்ளனா என்று கேட்டுவிட்டு உன்னை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

நீ கை குணமாகி நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று பத்மநாபனை வேண்டிக்கொண்டு,

புதன்கிழமையை மறந்துவிடாதே,

உன் அப்பா
ஆறுமுகநயினார்