கரடிக்கல் மலையில் கேட்க வைத்த மன்னிப்பு

ஸ்கெலட்டன் லைன்,
ஊரிகம்.
28-3-1965

அன்பு மகன் கிளாரன்ஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கைவிடாததால் நானும் அப்பாவும் சுகம், பம்பாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் இருமல் முன்னைக்குத் தேவலை. உன் தங்கை ஜூடித்துக்கு ஏழாம் மாதம், மாங்காய் கேட்டு என் உயிரை எடுக்கிறாள். அப்பா ஏன் மலை வேலையை விட்டார் என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய், நான்தான் மறைத்தேன், இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, சொல்கிறேன்.

காண்டிராக்டர் ராஜப்பா கரடிக்கல் மலை உச்சியில் நாற்பது இரும்புக் காற்றாடி நட்டு கரண்ட் எடுக்கப் போவதாகக் கிளம்பினானே, அதற்கு ஒரு வருஷம் காற்றை அளந்து காட்டினால்தான் சர்க்கார் சாங்ஷன் கொடுக்கும். உச்சியில் ஒரு மீட்டர் வைத்து, காலையும் சாயந்திரமும் அதைப் பார்த்து எழுத அப்பாவைப் போட்டான். முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் தூசியைத் தின்ற மனுஷனுக்கு அந்த மலை பிடித்துவிட்டது. இரண்டு குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு ஒரு கரடி பாறையிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, சோறு ஆறிப்போகிற வரைக்கும் அதையே சொன்னார். ஆனால் ஆடி மாதம் தவிர அங்கே அவ்வளவு காற்று கிடையாது. ராஜப்பா “நாலு இருந்தா பத்துன்னு எழுது” என்றான், அப்பா நாலை நாலென்றே எழுதினார்.

போன மாதம் சாங்ஷன் வருமுன்னே ரோடு போட வெடி வைக்க வந்தார்கள். குகைக்குள் கரடி இருக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள், வெளியே போகவிட்டு வையுங்கள் என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். முப்பது கூலியாட்கள் முன்னால் ராஜப்பா அவரைக் கன்னத்தில் அறைந்து, “குழிக்குள்ள கெடந்த எலிக்கு மலை மேல இன்னாடா பேச்சு?” என்றானாம். வெள்ளைக்கார துரைகூட அவர்மேல் கை வைத்ததில்லை, கிளாரன்ஸ். அன்று மத்தியானமே வெடி வைத்தார்கள். தாய்க்கரடி செத்தது, குட்டிகள் கல்லுக்கடியில் இரண்டு நாள் கத்தி ஓய்ந்தன. அப்பா வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை.

சர்ச் ஐயர் மன்னிக்கச் சொல்லி ஜெபம் பண்ணினார், ஆமென் சொல்லிவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பா தினமும் காற்றை எழுதி வைத்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அக்டோபரில் குரங்கு மீட்டரை உடைத்து அது பதினோரு நாள் ஒர்க் ஷாப்பில் கிடந்திருக்கிறது, முத்திரை குத்திய சீட்டும் உள்ளேயே இருந்தது. ராஜப்பாவின் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற வாசுவைக் கேட்டேன். சர்க்காருக்குப் போன புத்தகத்தில் அந்தப் பதினோரு நாளும் நல்ல காற்று அடித்ததாக எழுதியிருக்கிறதாம்! நோட்டு என்னிடம் இருப்பதை முதலாளி காதில் போடு என்றேன். ராஜப்பா என் வாசலுக்கு வர வேண்டும், அதுதான் எனக்கு ஆசை.

வந்தான். ஜீப்பில் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து “நோட்ட குடுத்துடும்மா” என்றான். நான் நாற்காலி போடவில்லை. “அறைஞ்ச எடத்துலயே, அதே ஆளுங்க முன்னால மன்னிப்பு கேளுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க அவன் மலை ஏறியதை நான் பின்னாலேயே நடந்து பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி “தப்புதான் ஏசுபாதம்” என்றான். அப்பா “போதும் சார்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் போதவில்லை. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றேன், சொன்னான். மறுநாள் முதல் பஸ்ஸில் கோலாருக்குப் போய் நோட்டையும் சீட்டையும் சாங்ஷன் கொடுக்கிற அதிகாரி மேஜையில் வைத்தேன்.

இரண்டே வாரத்தில் திட்டம் ரத்து. போட்ட ரோடு பாதி மலையில் நிற்கிறது. ராஜப்பா கடைத்தெருவில் என்னை மறித்து “வார்த்த தவறிட்டியே” என்றான். “பாத்துக்கலாம்னுதான் சொன்னேன், பாத்துக்கினேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன். அப்பாவுக்குத்தான் என்மேல் வருத்தம், “அவன்தான் மன்னிப்பு கேட்டானே ஃப்ளோரா, நாம இப்டி பண்லாமா?” என்றார். “உங்ககிட்ட கேட்டான், அந்தக் கரடிகிட்ட யாரு கேட்டாங்க?” என்றேன். சம்பளமும் இல்லை மீட்டரும் இல்லை, ஆனாலும் நேற்று அப்பா தடியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டு வந்தார்.

இனி உன் விஷயம். உன் ஒர்க் ஷாப் முதலாளி ராஜப்பாவின் மைத்துனன், ராஜப்பா சொல்லித்தான் உன்னை எடுத்தார்கள். நான் மறந்துபோய் இதைச் செய்யவில்லை. கோலார் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை. உன்னை நிறுத்தினால் யாரிடமும் கெஞ்சாதே, நேரே ரயில் ஏறி வந்துவிடு. ராஜப்பா விஷயத்தில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. உன்னிடம் கேட்காமல் உன் சோற்றில் கை வைத்தேன், அதற்கு மட்டும் அம்மாவை மன்னித்துவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. பதிலை என் பேருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஃப்ளோரா ஏசுபாதம்