எதிர்வீட்டு மல்லிகா கேட்ட கேள்வி

நவம்பர் 9, ஞாயிறு

கொடைக்கானலில் அந்த ஆஸ்திரிய உணவகத்தைச் சொன்னது முருகேசன்தான். அய்யம்பாளையத்துக்காரர், மனைவியை இழந்தவர். என் கணவர் போயும் ஒன்பது வருடமாகிறது. கல்யாணம் பற்றிப் பேசத்தான் போனோம். எங்கள் ஊர் பூம்பாறையிலிருந்து யாரும் அங்கே வரமாட்டார்கள் என்று நினைத்தோம்.

தோட்டத்து முற்றத்தில், பேரி மரத்தடியில் உட்கார்ந்தோம். மெல்லிசாகத் தட்டிப் பொரித்த கோழிக்கறி தட்டையே மறைத்துக்கொண்டு வந்தது. கொண்டுவந்தவள் என் எதிர்வீட்டு மல்லிகா! டவுனில் ஹோட்டல் வேலை என்று தெரியும், இந்த ஹோட்டல் என்று தெரியாது.

"டீச்சர், நீங்களா? சார் யாருங்க?"

"சொந்தக்காரங்க..." என்று அவர் இழுத்தார். அவர் கூசிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மல்லிகா. என்னையப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அப்ப இனிப்பு இல்லாமயா?" என்று போய், ஆப்பிள் வைத்துச் சுருட்டிய பணியாரம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அவர் சிரித்த சிரிப்பு... சரி, அது இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. ஊர் சொல்வதற்கு முன்னால் மகனிடம் நானே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்குடா."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். அவங்களையும் வீட்டுக்கு வரச் சொல்லு."

மூன்று பேருக்குச் சமைத்து எத்தனை நாளாகிவிட்டது! என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.