நத்தைக்கு நானூறு

புரட்டாசி 3, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். வடக்கு வயல் நடவுக்குப் புதன்கிழமை ஆள் சொல்லியாச்சு.

எனக்கு எழுதத் தெரியாது. எண் மட்டும் தெரியும். போனில் மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறதோ. நானும் படிக்கப் போவதில்லை, வேறு யாரும் படிக்க வேண்டாம்.

கூத்தாநல்லூரிலிருந்து கூட்டாளி ஹாஜா வந்தான். வெள்ளிக்கிழமை மலேசியாவுக்குக் கிளம்புகிறான், மகள் வீட்டோடு இருக்க. எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். “அது அவ கையில இருக்கு மாப்ள” என்றான். அவன் முதல்முதலில் குவைத் போனபோது நன்னிலம் ஸ்டேஷனுக்கு என் சைக்கிள் கேரியரில்தான் பெட்டி போனது. பச்சைப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு கயிறு. அப்போது திரும்பி வரும் நாள் சொல்லிவிட்டுப் போனான்.

ரெண்டு பேருக்கும் சர்க்கரை. நடக்கச் சொன்னார் டாக்டர். அவன் மகள் போன தடவை வந்தபோது ஒரு கேமை ரெண்டு போனிலும் போட்டுக் கொடுத்தாள். நடந்தால் தீனி கிடைக்கும். என் தீனியும் அவன் தீனியும் ஒரே கூடையில். கேமில் இருக்கும் பிராணிக்கு எடுத்துக் கொடுத்தால் உருவம் மாறும். எனக்குப் பிடிபடாதது இந்தக் கணக்குதான்:

பச்சைப்புழு – 15. இறக்கை முளைக்கும்.
கொம்புப் பூனை – 60. கொம்பு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.
காக்கை – 20. மாறினால் வீட்டு உயரம், வாயில் நெருப்பு.
நத்தை – 400.

நெல்லிலும் மூணு மாசம் உண்டு, ஆறு மாசம் உண்டு. ஆறு மாசத்துக்கு வைக்கோலாவது கூட நிற்கும். நத்தை மாறினால் என்ன ஆகும்? ஹாஜாவுக்கும் தெரியாது. மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் ப்ளேன் ஏறுவேன் என்கிறான். கூடையில் 371 சேர்ந்திருக்கிறது. ரெண்டு பேரும் நடந்தால் வியாழனுக்குள் ஆகிவிடும்.

4, செவ்வாய்

மருந்து வாங்கியது. கோணி ஊசி மறந்துவிட்டது.

வாய்க்கால் கரையில் மதகு வரை நடை. தண்ணீர் நல்ல வரத்து. வீட்டில் என் கிழவி அடுப்படியிலிருந்து பேசுகிறாள்: “ரெண்டு கிழமும் சேந்து நத்தைக்குச் சோறு ஊட்டுதுங்க.”

நன்னிலத்தில் போன் கடைப் பெண் ரெஹானாவிடம், காக்கைக்கு இருபது, நத்தைக்கு நானூறு, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அது கம்பெனிக்காரன் வைத்த கணக்கு, அவனிடம்தான் கேட்க வேண்டுமாம். அவன் எங்கே இருக்கிறான் என்றேன். சிரித்தாள்.

5, புதன்

நடவு. ஆள் ரெண்டு குறைவு. ஆனாலும் மூணு மணிக்குள் முடிந்தது.

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். புழு, பூனை, காக்கை எல்லாம் நாலு நாலாக வரிசையில் நின்று பச்சை விளக்கு போட்டு மின்னுகின்றன. தயார் என்று அர்த்தம். எதிரே நாற்றுமுடி கிடக்கிறது. வயது வந்த நாற்றை நாற்றங்காலில் விட்டால் முற்றிக் கணு வைத்துவிடும். நட்டாலும் கிளைத்துத் தூர் கட்டாது. பறித்த அன்றைக்கே நட்டாக வேண்டும். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. ஒன்றொன்றாக அமுக்கினேன். நடவுப் பெண்கள் சோற்றுத் தூக்கோடு சுற்றி நின்றார்கள். அந்தப் பூனையை மாத்துங்க, இந்தக் காக்காயை மாத்துங்க என்று ஒரே சிரிப்பு. ஒன்று விடாமல் மாற்றிவிட்டேன்.

கூடையைப் பார்த்தால் காலி. நத்தை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் ஹாஜா வந்தான். போனை வாங்கிப் பார்த்தான். கூடை எங்கே என்றான். சொன்னேன். நாற்று முற்றிவிடும் அல்லவா என்றேன்.

“இது நாத்தா மாப்ள? எத்தன வருஷம் போட்டு வச்சாலும் இது அப்படியேதான் கெடக்கும். முத்துறது நீயும் நானும்தான்.”

டீ வைத்திருந்தாள் கிழவி. குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

7, வெள்ளி

நேற்று முழுக்க போன் வரவில்லை. நானும் போடவில்லை.

முதல் பஸ்ஸில் கூத்தாநல்லூர். வாசலில் கார் நிற்கிறது. சொந்தக்காரர்கள், பெட்டிகள், சந்தன வாசனை. ஹாஜா புதுச் சட்டையில். எல்லோரிடமும் பேசுகிறான், அங்கே வெங்காயம் என்ன விலை என்பது வரைக்கும். என் பக்கம் திரும்பி, “சாப்பிட்டியா?” அது ஒன்றுதான். சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடாமலே. ஏறி உட்கார்ந்தான். கண்ணாடி மேலே ஏறியது.

அவன் தங்கச்சி சொல்கிறது, ரெண்டு நாளாக வீட்டிலும் அப்படித்தானாம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

நத்தைக்காகவா இந்தக் கோபம்? ஊரை விட்டுப் போகிற கோபமா? இல்லை, ரெண்டையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டுப் போனானா? பஸ்ஸில் முழுக்க இதே யோசனை. இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கினேன்.

10, திங்கள்

போன் இல்லை. நடை இல்லை. யாருக்காக நடப்பது. நட்ட பயிர் பச்சை பிடித்துவிட்டது. உரக்கடை பூட்டு.

“சக்கரை ஏறுனா எனக்குத்தான் வேல. நடங்க” என்கிறாள் கிழவி. மாவு அரைத்துவிட்டு வந்து திரும்பவும் சொன்னாள். போகவில்லை.

கேமைத் திறந்தேன். காக்கைக்கு 20 இருந்தது இப்போது 45. யார் கேட்டார்கள்? நத்தை மட்டும் அதே 400.

12, புதன்

விடியலிலிருந்து மழை. கூடையில் 22.

நான் ஒரு அடி நடக்கவில்லை. எப்படி வந்தது? மழையோடு மழையாக நன்னிலம் போய் ரெஹானாவிடம் காட்டினேன். கேம் தானாகப் போட்டுவிட்டதா என்று கேட்டேன்.

“தானா வராது தாத்தா. அங்க அவங்க நடந்து, அவங்க கையால கூடையில போட்டாத்தான் இங்க வரும்.”

கையாலா என்று திரும்பக் கேட்டேன். கையாலதான் என்றாள்.

அப்படியென்றால் கோபம் போய்விட்டதா? போயிருந்தால் ஒரு போன் போட வேண்டியதுதானே. கோபம் இருந்தால் எதற்குப் போட வேண்டும்? ஒன்றும் விளங்கவில்லை. 22 என்றால் நல்ல தூரம். அவன் முழங்காலுக்கு அது ஜாஸ்தி. அங்கே படிக்கட்டு வேறு இருக்குமாம்.

மழை விட்டிருக்கிறது. கரை வழுக்கும், ரோட்டு வழியாகவே போகலாம். அங்கே இப்போது மணி நமக்கு முன்னால் ஓடிவிட்டிருக்கும், அவன் தூங்குவதற்குள் இங்கிருந்தும் கொஞ்சம் போட்டாக வேண்டும். குடையைக் காணோம்.