கறுப்பு நூல் போடாத ஆட்டுக்குட்டி

நேற்று ஆஸ்பத்திரியில் என் விரல் தையலைப் பிரித்தார்கள். தேங்காய் வெட்டும்போது அரிவாள் இறங்கிய இடம். நர்ஸம்மா கறுப்பு நூலை இடுக்கியால் கவ்வி இழுத்துப் பஞ்சின்மேல் வைத்தாள். செத்த எறும்பு போலக் கிடந்தது. "வலிக்கா சார்?" என்றாள். இல்லை என்றேன். போன மாதம் நீ போனதிலிருந்து எனக்கு எதுவும் வலிக்கவில்லை.

அந்த நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உன்னிடமென்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நாம் இரண்டு கால்நடை மருத்துவர்களும் ஒரே ஆராய்ச்சிக் கொட்டகையில்தான் கிடந்தோம். தாய் வயிற்றில் இருக்கும் குட்டியின் தோலில் காயம் பட்டால் தழும்பே இல்லாமல் ஆறுகிறதே, அது எப்படி என்று பார்ப்பது நம் வேலை. முதலில் எலி; குட்டி பொடிசு, கத்தி வைக்க இடமில்லை. பிறகு முயல், அகலமாகக் காயம் போட்டால் அது மூடவே மாட்டேன் என்றது. கடைசியில் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து சினைச் செம்மறிகளைப் பிடித்து வந்தோம். குட்டி கைக்கு அடங்கியது, மாதக்கணக்கில் வயிற்றில் இருப்பதால் ஆறுவதற்கும் நேரம் இருந்தது. தாய் வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டியைக் கீறி, மறுபடி தைத்து மூடிவிடுவோம். சினையின் நடுவில் கீறினால் தோல் பழையபடி கூடிவிடும். கடைசி மாதத்தில் கீறினால் நமக்கு வருவதுபோலத் தழும்பு வரும்.

எங்களுக்கெல்லாம் அது சம்பள வேலை. உனக்கு அப்படியில்லை. பிளந்த மேலுதட்டோடு பிறந்தவன் நீ. சின்ன வயதில் தைத்த தழும்பை மீசைக்குள் ஒளித்து வைத்திருந்தாய். அந்த வருஷம் உன் மனைவி முழுகாமல் இருந்தாள். "பிள்ளைக்கும் உதடு இப்படி வந்துட்டுன்னா என்னலே செய்ய?" என்று டீ குடிக்கும்போது கேட்டாய். "ஒண்ணும் வராது, சும்மா கெட" என்றேன். வேறென்ன சொல்ல? அதற்குப் பிறகு நீ குட்டிகளின் மேலுதட்டில் மட்டும்தான் கத்தி வைத்தாய்.

நன்றாக ஆறிய காயத்தில் ஒரு தொல்லை உண்டு. எங்கே கீறினோம் என்று பிறகு தெரியாது. அதனால் கீறலின் இரண்டு முனையிலும் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைப்போம். குட்டி பிறந்ததும் கொன்று, முடிச்சுகளுக்கு நடுவிலுள்ள தோலை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். எல்லாக் குட்டிகளும் அப்படித்தான் போயின. நமக்கும் பழகிப்போயிருந்தது.

ஒரு மத்தியானம் பாதி வேலையில் கரண்ட் போயிற்று. கருப்பை குளிர்ந்துவிடக்கூடாதே என்று வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றிக்கொண்டே அவசர அவசரமாகத் தைத்து மூடினோம். கை கழுவும்போது கேட்டாய்.

"நூலு போட்டியாலே?"

"நீ போட்டுட்டேன்னுல்லா நெனச்சேன்!"

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பைய உட்கார்ந்தாய்.

குட்டி பிறந்தது. முடியை மழித்து, லென்ஸ் வைத்து, விரலால் தடவித் தடவி மேலுதடு முழுக்கத் தேடினோம். ஒன்றுமே இல்லை. உனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நம் மேலதிகாரி வந்து பார்த்தார். "காயத்தையே காணோம்னா, கீறுனதுக்கு என்னவே ஆதாரம்? இதக் கணக்குல சேக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். "ஏலே, இல்லாத தழும்புக்கும் ஒரு அடையாளம் வேணுமாம்லா" என்று நீ சிரித்தாய். மீசைக்குள் தழும்பு இழுபட்டது.

கணக்கில் சேராத குட்டியைக் கொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பால்குடி மறந்ததும் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி ஆழ்வார்குறிச்சியில் உன் வீட்டுக்குக் கொண்டுபோனாய். நிறைமாத வயிற்றோடு உன் மனைவி அதற்கு அகத்திக்கீரை போட்டாள்.

மகள் பிறந்தபோது நானும் கூட வந்திருந்தேன். துணியை விலக்கி, அதே விரலால் அவள் மேலுதட்டைத் தடவினாய். ஒரு தடவை தடவியும் நம்பாமல் திரும்பவும் தடவினாய். "ஒண்ணுமில்லலே" என்றாய். உனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது அந்த மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் அழுதுருங்க சித்தப்பா" என்றாள். வரவில்லை. ஆற்றில் முழுகிவிட்டு வந்து சோறு தின்றேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். மறுநாளும் அப்படியே. "கல்லு மாதிரில்லா இருக்காரு" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கே என்மேல் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உள்ளுக்குள் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்கிறேன்; ஒன்றும் தட்டுப்படவில்லை. அதற்காகக் காயமே இல்லை என்று எவனாவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குட்டியின் உதட்டில் கத்தி இறங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

நர்ஸம்மாவிடம் வாங்கிய நூல் என் சட்டைப்பையில் இருக்கிறது. எங்கே முடிச்சுப் போடுவது என்றுதான் தெரியவில்லை. கீறிவிட்டுப் போனது நீ. இடம் உனக்குத்தானேலே தெரியும்.