மெழுகு துடைத்த வெள்ளிக்கிழமை

12-6-2003, வியாழன்
காலையிலேயே அனல். கூழ். முட்டி வலி, தைலம் தீர்ந்தது.

படூர் காலேஜ் வாத்தியாரின் துப்பாக்கி, என் பேத்தி செல்வியின் மேஜையில். ஞாயிறு அவருக்குப் போட்டி, குறி சிதறுகிறதாம். ரிப்பேர் லைசென்ஸ் அவள் அப்பன், என் மகன் பெயரில். இந்த வேலை மட்டும் முழுக்க அவளுடையது. சரிவராவிட்டால் திங்களிலிருந்து கடையை விட்டு மறைமலைநகர் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறணும், அவன் உத்தரவு.

அப்படி என்ன குறை என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தபா சுடும்போதும் இரும்பு கட்டைக்குள்ள நவுந்துகினே கீது ஆயா. ஒரே எடத்துல குந்தினாத்தான் குண்டும் ஒரே எடத்துக்குப் போவும்."

தோளில் வைக்கும் மரக்கட்டையில் பள்ளம் எடுத்து, பசை ஊற்றி, மேலே குழலோடு சேர்ந்த இரும்பை வைத்து இறுகவிடணுமாம். மத்தியானம் முழுக்கப் பள்ளம்தான். இரும்பில் விளக்குக்கரி தடவி வைத்துப் பார்ப்பது, கட்டையில் கரி ஒட்டின இடத்தில் ஒரு சீவல், மறுபடி வைப்பது. நான் அரிசியில் கல் பொறுக்கக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

13, வெள்ளி
மேகம், மழை இல்லை. வழக்கம்போல் கடையைத் துடைத்து எல்லாச் சாமானுக்கும் பொட்டு, சாம்பிராணி. அச்சரப்பாக்கம் நாத்தனார் போன். செல்வி குளித்து வந்து பசை ஊற்றி, இரும்பை இறக்கிக் கட்டிவைத்தாள்.

14, சனி
இரும்பு வரவில்லை. கட்டையோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டாமலிருக்க முதலில் இரும்பில் மெழுகு பூசணும். மறந்துவிட்டாய், நாளைக்கு அந்த மனுஷனுக்கு என்ன பதில் என்று மகன் கத்தல். பூசினேன் என்றாள், பத்து தடவை. பிறகு அவளுக்கே சந்தேகம். முகம் செத்துவிட்டது.

நேற்றுத் துடைத்த துணியை எடுத்து முகர்ந்தேன். மெழுகு வாசனை. அவள் குளிக்கப் போனபோது, கட்டைக்குப் பொட்டு வைக்கும் முன் இரும்பையும் பளபளவென்று துடைத்தது நான்தான். சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால்,

"நீ தொடச்சியா? அப்போ நான் மறக்கல" என்று துணியை அப்பன் மூக்கில் வைத்தாள்.

குளிர்ந்தால் இரும்பு சுருங்குமாம். மாமல்லபுரத்து மீன் விற்க வரும் அஞ்சலையின் ஐஸ் பெட்டியில், துப்பாக்கியைப் பிளாஸ்டிக் சுற்றி, கல்லுப்பு போட்டுப் புதைத்தாள் செல்வி. இன்னா மீனு இது, மூக்கு இம்மா நீட்டு என்றாள் அஞ்சலை. மூன்று மணிக்கு எடுத்து மரச் சுத்தியால் ஒரு தட்டு. டொக். வந்துவிட்டது. பள்ளம் கண்ணாடி மாதிரி, இரும்பின் சின்னக் கீறல்கூட அதில் விழுந்திருந்தது. மகன் கண்ணாடி மாட்டி ரொம்ப நேரம் பார்த்தான்.

15, ஞாயிறு
இட்லி, வடகறி. காலையில் துப்பாக்கியை வாங்கிப்போன வாத்தியார் சாயங்காலம் வந்தார். சுட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்து ஓட்டை, என் கட்டைவிரல் வைத்தால் மறைகிறது. சிநேகிதர் துப்பாக்கி ஒன்று இருக்கிறதாம், எப்போது பார்ப்பீர்கள் என்று மகனைக் கேட்டார்.

"என்னக் கேக்காதீங்க சார். செல்விக்கு டைம் கீதான்னு அதையே கேளுங்க."

செல்வி வேலை குறிக்கும் நோட்டைப் புரட்டினாள். அடுத்த மாதம்தான் முடியும் என்றாள். நோட்டில் ஒரு வரி கிடையாது. நான் பார்த்தேன்.